சிவப்பு டேக் கட்டிய கல் பந்து

அந்தக் கல் பந்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கருங்கல்லில் செதுக்கிய கால்பந்து, அடியில் ஒரு சதுரப் பீடம், பீடத்தின் முகப்பில் ஒரு பெயர். அந்தப் பெயர் அங்கே இருக்கவே கூடாது. அங்கே யாருடைய பெயர் இருந்திருக்க வேண்டுமோ, அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சொல்லும்போது நடுநடுவே எனக்குக் கோபம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இரண்டு பேரும் செங்கல்பட்டுக்கு வெளியே, கார்களுக்குச் சின்னச் சின்ன இரும்பு பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். நான் டெஸ்பாட்ச், அதாவது சரக்கை லாரியில் ஏற்றி அனுப்பும் பிரிவு. அவள் தரம் பார்க்கும் பிரிவு. புள்ளியியலில் எம்.எஸ்ஸி. படித்தவள். பிறந்த ஊர் செய்யூர் பக்கம், வாழ்க்கைப்பட்டது மாமல்லபுரம். காலையில் மாமல்லபுரத்தில் கம்பெனி வேனில் ஒன்றாக ஏறுவோம். என்னைவிடச் சின்னவள், 'யக்கா' என்றுதான் கூப்பிடுவாள். அம்மா வீட்டு வேர்க்கடலையை அவித்து டப்பாவில் கொண்டு வந்து வேன் முழுக்க நீட்டுவாள். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் டப்பா காலியாகிவிடும்.

அந்த வேனில் ஆண்களுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ஃபேன்டஸி ஃபுட்பால். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டில் ஆடுகிற நிஜ ஆட்டக்காரர்களை வைத்து ஆளாளுக்குப் போனில் ஒரு கற்பனை டீம் அமைத்துக்கொள்வார்கள். சனி, ஞாயிறு அந்த ஆட்டக்காரன் மைதானத்தில் கோல் அடித்தால் இங்கே இவனுக்குப் பாயின்ட். யாரைக் கேப்டனாகப் போடுகிறோமோ அவனுக்கு இரட்டைப் பாயின்ட். வாரா வாரம் ஆளை மாற்றிக்கொள்ளலாம். திங்கட்கிழமை வேனில் ஏறினால் எழவு வீடு மாதிரியும் இருக்கும், கல்யாண வீடு மாதிரியும் இருக்கும். இந்தக் கூத்துக்கெல்லாம் தலைவர் எங்கள் மேனேஜர்.

ஒரு வருடம் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஜோடி ஜோடியாக மோதவேண்டிய போட்டியில் ஓர் ஆள் குறைந்தது. முதலில் டிரைவரைக் கேட்டார்கள். அவர், "எனக்கு வண்டி ஓட்ற வேலை கீது சார்" என்று சொல்லிவிட்டார். அப்புறம்தான், கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்ஸ்காரர் திரும்பி இவளைப் பார்த்தார்.

"மேடம், சும்மா பேருக்கு ஒரு டீம் போடுங்களேன்."

"பேருக்கு எதுக்கு சார்? ரூல்ஸ் எங்க கீதுன்னு காட்டுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அத்தனை வருடம் ஆடியும் அந்த விதிகளை ஒருத்தரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. இவள் கடலையைக் கொறித்துக்கொண்டே செங்கல்பட்டு வரும்வரை வரி விடாமல் படித்தாள். பிறகு டீம் போட உட்கார்ந்தாள். ஆப் ஒரு மெயில் ஐடி கேட்டது. போனில் ஏற்கெனவே இருந்தது அவள் வீட்டுக்காரருடையது. அதையே தட்டிவிட்டாள். பட்டியலில் அவள் டீமுக்கு எதிரே அவர் பெயர் வந்து உட்கார்ந்தது.

"உன் பேரை மாத்தும்மா" என்று நான் அப்போதே சொன்னேன்.

"பேரா யக்கா ஆடப் போவுது? ஆளுதான் ஆடணும்."

இது அவள் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. வேலையிலும் இதேதான். ஒரு தடவை ஒரு பெரிய சப்ளையரிடமிருந்து சரக்கு வந்து இறங்கியது. இவள் நாலைந்து இடத்திலிருந்து கை போட்டு எடுத்து அளந்து பார்த்தாள், சரியில்லை. சிவப்பு டேக் கட்டிவிட்டாள். எங்கள் இடத்தில் அதற்கு ஒரு சட்டம் உண்டு. சிவப்பு டேக் கட்டிய பொருளை யாரும் நகர்த்தக் கூடாது. கட்டினவரே அவிழ்க்க வேண்டும். இல்லையென்றால் மேனேஜர், 'இது சரிதான்' என்று காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவிழ்க்க வேண்டும். மேனேஜர் ஓடி வந்தார்.

"எவ்ளோ பெரிய கம்பெனி தெரியுமா மேடம்? அவங்க சரக்குல போய்க் குத்தம் சொல்றீங்க."

"பேரு பெரிசுதான் சார். இந்தப் பெட்டில கீறது சின்னதா கீதே. நீங்க வேணா எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க."

அவர் போடவில்லை. சரக்கு திரும்பிப் போனது. அன்றிலிருந்து அவருக்கு இவள் மேல் ஒரு கடுகடுப்பு. அதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அப்படித்தான். கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கிய பையன் என்று எங்கள் வீட்டில் ஒரே குதி. இவளிடம் சொன்னால், "அது எப்போ யக்கா வாங்கனாரு? இப்ப கொஞ்ச நாளா எப்படி ஆடறாரு, அத்த விசாரி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விசாரித்தேன். பதக்கம் வாங்கினவன் எந்த வேலையிலும் ஒரு தீபாவளியைத் தாண்டியதில்லை. நல்லவேளை, தப்பித்தோம். தங்கை இன்றைக்கும் இவளை வாழ்த்துவாள்.

கால்பந்திலும் அவள் யார் பெரிய ஆள் என்று பார்க்கவில்லை. யார் முழு ஆட்டமும் மைதானத்தில் இருக்கிறான், யார் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் போய்ப் பந்தை அடிக்கிறான், பெனால்டி யார் கையில், இந்த வாரம் எதிரில் நிற்கும் டீமின் தடுப்பு எவ்வளவு ஓட்டை என்று பார்த்தாள். இதெல்லாம் இணையத்தில் எல்லாருக்கும் கிடைக்கிற கணக்குதான். பார்க்கத்தான் ஆளில்லை.

"கோல் அடிச்சானான்னு மட்டும் பாக்காதீங்க சார். அடிக்கற எடத்துக்கு வந்துகினே இருக்கானான்னு பாருங்க. ஒரு கோலு அதிர்ஷ்டத்துல வுழுந்துடும். வாரா வாரம் அந்த எடத்துல வந்து நிக்கறது அதிர்ஷ்டத்துல நடக்காது."

இதை அவள் யாரிடம் சொன்னாள் என்கிறீர்கள்? தன்னோடு மோதப் போகிற ஸ்டோர்ஸ்காரரிடம்! அதுதான் அவள். யார் கேட்டாலும் காரணத்தைச் சொல்லிவிடுவாள். கேட்காதவர்களுக்கும் சொல்வாள். ஆரம்பத்தில் ஸ்டோர்ஸ்காரர் பட்டியலில் முதலிடத்தில் இருந்தார். இவள் அவர் டீமைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மேல கீது சார், ஆனா நிக்காது. உங்க ஆளுங்க அடிச்ச கோலு அவங்க எடுத்த முயற்சிக்கு ரொம்ப அதிகம். சீக்கிரம் எறங்கிடும்" என்றாள். அவர் வயிற்றெரிச்சல் என்றார். டீம் இறங்கியது. வேறு ஒருத்தியாக இருந்தால் சொன்னேனே பார்த்தீர்களா என்று ஒரு சிரிப்பாவது சிரித்திருப்பாள். இவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, யாரை எடுக்கலாம், யாரை விடலாம் என்று பாடம் நடத்தினாள். அந்த வாரம் அவர் இவளையே ஜெயித்துவிட்டார். இவளுக்கு அதில் சந்தோஷம் வேறு! "பாத்தீங்களா சார், வேலை செய்யுது!" என்றாள்.

மேனேஜருக்கு ஒரு நாயகன் இருந்தான். ஒரு காலத்தில் உலகமே தலையில் வைத்து ஆடிய ஆட்டக்காரன். வயதாகிவிட்டது, பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், கடைசியில் பத்து நிமிடம் இறக்கிவிடுவார்கள். மேனேஜர் வாரா வாரம் அவனைத்தான் கேப்டனாகப் போடுவார். "சார், கேப்டன் குந்திகினுதான கீறாரு" என்று இவள் வேனில் எல்லார் எதிரிலும் சொன்னாள். வேனே சிரித்தது. மேனேஜர், "அவன் கிளாஸ் மேடம். அதெல்லாம் நம்பர்ல தெரியாது" என்றார். அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

மாதங்கள் போகப் போக இவள் டீம் ஏறியது. மெல்ல, நிதானமாக, இறங்காமல் ஏறியது. முதலிடத்துக்கு வந்ததும் ஆண்கள் பேசிய பேச்சு இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வூட்டுக்காரரு செம டீம் போடறாரு மேடம்!"

"சாரைக் கேட்டதா சொல்லுங்க. இந்த வாரம் கேப்டன் யாருன்னு ஒரு வார்த்தை கேட்டு வாங்க."

வீட்டுக்காரரா? கடற்கரைக்குப் போகிற சாலையில் சிற்பக் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கால்பந்து ஆட்டத்தைப் பார்த்து, "ரெண்டாவது இன்னிங்ஸ் எப்போ?" என்று கேட்டவர்! வாராவாரம் இதே ஆண்களுக்கு அவள் வாயாலேயே காரணம் சொல்லியிருக்கிறாள். அதைக் காதால் கேட்டு, அதன்படி ஆளை மாற்றி, பாயின்ட்டும் வாங்கிக்கொண்டு, கடைசியில் மூளை மட்டும் வீட்டுக்காரருடையதாம்.

"ஏன்யா, ஒங்களுக்கெல்லாம் காது கேக்குதா இல்லையா? சொல்லிக் குடுத்தது யாரு?" என்று நான் வேனிலேயே கத்தினேன்.

"சாரு சொல்லிக் குடுத்தத மேடம் நல்லா ஞாபகம் வெச்சிகினு சொல்றாங்கக்கா. அதுவும் பெரிய விஷயம்தான்" என்றார் ஸ்டோர்ஸ்காரர். இவர்களை என்ன செய்வது, சொல்லுங்கள்.

"நீ வாயத் தொறந்து சொல்லேம்மா" என்று அவளை உலுக்கினேன்.

"வுடு யக்கா. பாயின்ட்டு வுழுதா இல்லையா? பேரா ஆடுது?"

எனக்கு அவள் மேலேயே ஆத்திரம் வந்தது.

போட்டி முடிந்தது. இவள்தான் முதல். அந்த வருடம் ஒரு சுழற்கோப்பை வைக்கலாம் என்று மேனேஜர் முடிவு பண்ணினார். மாமல்லபுரத்தில் கோப்பை என்றால் கல்லில்தானே. வேலை இவள் வீட்டுக்காரர் கடைக்கே போனது. ஜெயித்தவர் பெயரைப் பீடத்தில் வெட்டி, வருடா வருடம் அதற்குக் கீழே அடுத்த பெயரை வெட்டுவதாகத் திட்டம். இவளுக்கு உள்ளூர எவ்வளவு ஆசை என்று அந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. "கல்லுல பேரு வரப்போவுது யக்கா. எங்க அம்மாவக் கூட்டியாந்து காட்டணும்" என்றாள். பெயர் ஆடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவள்தான்.

கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலின் புல்தரையில் விருந்து. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரரும் பட்டறை ஆளும் வந்து கல்லை மேசையில் வைத்தார்கள். மேல்துணியை எடுத்தார்கள். மேனேஜர் மைக்கைப் பிடித்தார். "இந்த வருஷ சாம்பியன்" என்று அவர் ஆரம்பித்ததுமே இவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். அவர் கூப்பிட்டது வீட்டுக்காரரை.

எழுந்தவள் அப்படியே திரும்பித் தண்ணீர் கேன் பக்கம் போனாள். தாகத்துக்கு எழுந்ததுபோல ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தாள். அந்த டம்ளரை என்னால் மறக்க முடியவில்லை.

கல்லிலும் அவர் பெயர்தான். "ஆப்ல எந்தப் பேரு கீதோ அதான வெட்டணும்?" என்று மேனேஜர் போனில் அவரிடம் சொல்லியிருக்கிறார். இந்த மனிதரும் தன் பெயரைத் தானே வெட்டக் கொடுத்திருக்கிறார். வாங்கும்போதாவது கூச்சம் வேண்டாமா? மைக்கில் பேச வேறு செய்தார்.

"எல்லாம் ஒரு உள்ளுணர்வுதான் சார். ஆளைப் பாத்தாலே சொல்லிடுவேன்."

"அய்ய! ஆஃப்சைடுன்னா இன்னான்னு கேளுங்க அவரை!" என்று நான் எழுந்து கத்தினேன். அக்கா கலாய்க்கிறார் என்று கூட்டமே சிரித்தது. மேனேஜர், "கல்லுல வெட்டியாச்சுக்கா, இனிமே அப்பீல் கெடையாது" என்றார்.

விருந்து முடிந்து வாசலில் அந்த மனிதரைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா தம்பி இது?"

"வூட்டுக்கு வந்த பேருதானக்கா. யாரு பேரா இருந்தா இன்னா?"

"அப்ப கடை போர்டுல அவ பேரைப் போடு, பாப்போம்."

அவர் சிரித்துக்கொண்டே கல்லை ஆட்டோவில் ஏற்றினார். அதன் பக்கத்தில் அவளும் ஏறிக்கொண்டாள்.

திங்கட்கிழமை வேனில் கடலை டப்பா வரவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் சொன்னாள்: "பேரு ஆடாது, பேரு ஆடாதுன்னு நானேதான் சொல்லிகினு இருந்தேன் யக்கா. ஆடாதது போயி கப்ப வாங்கினு வந்துடுச்சு."

அடுத்த போட்டி தொடங்கியது. டீம் அவர் பெயரில்தானே இருக்கிறது, அவரே ஆடட்டும் என்று ஆப்பை அவர் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டாள். மாமல்லபுரத்தில் வேன் கிளம்புமுன் ஆண்கள் அவர் கடைக்குப் போய் நின்று யோசனை கேட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்து இவளிடம் கேட்டார்.

"இந்த வாரம் கேப்டன் யாரைப் போடலாம்?"

"தெரியலையே" என்றாளாம்.

யார் கேட்டாலும் காரணம் சொன்னவள், எதிரிக்குக்கூடச் சொல்லிக் கொடுத்துத் தோற்றவள், அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. பழக்கதோஷத்தில் ஸ்டோர்ஸ்காரர் வேனில் கேட்டபோதும், "சாம்பியனைக் கேளுங்க சார்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் டீம் கடைசி இடத்துக்குப் போனது. அங்கேயே இருந்தது. சரி, இப்போதாவது இந்த ஆண்களுக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். அதே டீம், அதே பெயர், நடுவில் விலகியது அவள் ஒருத்தி மட்டும்தான். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். இவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா?

"சாருக்கு நேரம் சரியில்ல."

"கண்ணு பட்டுடுச்சுப்பா."

மேனேஜர் மட்டும் தீர்க்கமாகச் சொன்னார்: "ஃபார்ம் போவும், வரும். சார் கிளாஸ்." பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கேப்டனுக்குச் சொன்ன அதே வார்த்தை. கேட்டுவிட்டு நான் அவளைப் பார்த்தேன். பல வாரங்களுக்குப் பிறகு அவள் சிரித்தாள். அது நல்ல சிரிப்பாக இல்லை.

அந்த வருடம் ஜெயித்தது ஸ்டோர்ஸ்காரர். கோப்பையைக் கேன்டீனில் மதியச் சாப்பாட்டு வேளையில் கைமாற்றுவதாக ஏற்பாடு. கடைசி இடத்தில் வந்த வெட்கத்தில் வீட்டுக்காரர் வரவில்லை. கல்லை இவள்தான் வேனில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். நான் பிடிக்கிறேன் என்று கை நீட்டினேன், கொடுக்கவில்லை. தொழிற்சாலை கேட்டில் இறங்கி, உள்ளே வரும் சரக்குகளைப் பதியும் இடத்தில் அதைப் பதியச் சொன்னாள். காவலாளி விழித்தார். பதிந்தார்.

கேன்டீனில் எல்லாரும் கூடியிருந்தார்கள். மேனேஜர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சார் வரலையா மேடம்? போன வருஷ சாம்பியன் கையால குடுத்தாத்தானே நல்லாருக்கும்."

"சாம்பியன் வந்துகீறாங்க சார்" என்றாள். "கல்லுல கீறது பேரு. ஆடின ஆளு ஒங்க எதிருல நிக்குது."

"மேடம் நல்லா ஜோக் அடிக்கறாங்க" என்றார் யாரோ. சிரிப்பு கிளம்பியது. அவள் தன் வேலைக் கோட்டின் பையில் கைவிட்டாள். எடுத்தது சிவப்பு டேக். மேசையிலேயே குனிந்து எழுதி, பந்துக்கும் பீடத்துக்கும் நடுவே கம்பியை முறுக்கிக் கட்டினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"மேடம், இது கம்பெனி சரக்கு இல்ல" என்றார் மேனேஜர்.

"கேட்ல பதிஞ்சி உள்ள வந்துடுச்சு சார். பேரு தப்பா கீது, நிறுத்தி வெச்சிட்டேன். இந்தப் பேரு சரிதான்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, நானே அவுத்துத் தரேன்."

தன் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள். மேனேஜர் சுற்றிப் பார்த்தார். ஸ்டோர்ஸ்காரர் தன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் மட்டும் வாசலில் நின்று, "போடுங்க சார்" என்றார். மேனேஜர் பேனாவைத் தொடவில்லை. போன் வந்ததுபோல எழுந்து வெளியே போய்விட்டார்.

சில மாதங்களில் அவள் ஒரகடம் பக்கம் வேறொரு தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். போகும்போது டேக்கை அவிழ்க்கவில்லை. மேனேஜரும் இதுவரை எழுதவில்லை, எழுதவும் மாட்டார். ஆண்கள் ஒரு பிளாஸ்டிக் கோப்பை வாங்கி வைத்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவராவது, 'அந்தப் பொண்ணுதான்யா ஜெயிச்சது' என்று இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. கல் பந்து தரப் பிரிவில், தேறாத சரக்கை வைக்கும் ரிஜெக்ட் ரேக்கில், எண்ணெய்ப் பிசுக்கு ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆடிட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இது என்ன உதிரிபாகம் என்று கேட்பார்கள். அப்போதெல்லாம் நான் டெஸ்பாட்சிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகச் சொல்வேன், மேனேஜர் அறைக்குக் கேட்கும்படி.

டேக்கில் இரண்டு கட்டம் உண்டு. ஒன்றில் காரணம் எழுத வேண்டும். 'பெயர் தவறு' என்று எழுதியிருக்கிறாள். இன்னொன்றில் பரிசோதித்தவர் பெயர். அழுத்தி, முழுப் பெயரையும் எழுதியிருக்கிறாள். உங்களுக்கு அவள் பெயர் தெரிய வேண்டுமானால் நேரில் வாருங்கள். கல்லைப் பார்க்க வேண்டாம், டேக்கைப் படியுங்கள்.